கொட்டகை இரும்பில் எந்த ஸ்க்ரூ போடுவது?

கொட்டகை போடப் போகிற உழவர் யாரிடம் பேசினாலும் முதலில் தகரத்தைப் பற்றித்தான் பேசுவார். என்ன கலர், எத்தனை எம்.எம்., சதுர அடி என்ன விலை. அடுத்தது இரும்பு: என்ன பைப், கிலோ என்ன ரேட்டு. அப்புறம் கூலி. ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "அதெல்லாம் வேலைக்கு வர்றவங்களே வாங்கிட்டு வந்துருவாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். நான்கு ஏக்கரில் இயற்கை வழி நெல், ஆறு மாடு. பிழைப்புக்குத் துணையாக ஒரு சின்ன வெல்டிங் பட்டறையும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, பல மாதம் எனக்குக் கொட்டகை சீர் செய்கிற வேலைதான். ஊர் ஊராகப் போனதில் கண்ணில் பட்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நிறைய இடங்களில் கால் நின்றது, மேலே பர்லின் நின்றது, தகரம் மட்டும் மூன்று வயல் தாண்டிக் கிடந்தது. இரும்புக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்தது ஸ்க்ரூ ஒன்றுதான்.

அந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தால் தோற்ற விதம் மூன்றாகப் பிரியும். ஒன்று, துருப்பிடித்து ஈர்க்குச்சி போல மெலிந்து நடுவில் ஒடிந்தது. இரண்டு, ஸ்க்ரூ முழுசாக அப்படியே பர்லினில் நிற்க, தகரம் தலையைத் தாண்டிக் கிழித்துக்கொண்டு போனது. மூன்று, பர்லினில் இருந்து மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

20க்கு 30 அடிக் கொட்டகைக்குச் சுமாராக 250 ஸ்க்ரூ ஆகும். நல்ல ஸ்க்ரூவுக்கு ஒன்றுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் மொத்தத்தில் 1,250 ரூபாய்தான். அதன் கீழே நிற்பது கறவை மாடு, விதை நெல், ஆறு மாதத் தீவனம். ஆகவே ஸ்க்ரூவை நாமே கேட்டு, பார்த்து, வாங்க வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: துளைக்க வேண்டிய இரும்பு எத்தனை தடிமன்?

கூரை வேலையில் இன்று புழங்குவது செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. இதன் நுனியைப் பாருங்கள், கூராக இருக்காது. டிரில் பிட்டு போலவே இரண்டு வெட்டு விளிம்பு இருக்கும். அதுவே துளை போட்டு, அதுவே மரை வெட்டி, அதுவே பிடித்துக்கொள்ளும். நுனி ஊசியாக இருந்தால் அது வேறு சாதி. மரத்துக்கோ மெல்லிய தகரத்துக்கோ ஆனது. பர்லினுக்கு ஆகாது.

கடையில் இரண்டு நம்பர் கேட்க வேண்டும். ஒன்று பருமன்: 10 நம்பர் என்றால் 4.8 மி.மீ., 12 நம்பர் என்றால் 5.5 மி.மீ., 14 நம்பர் என்றால் 6.3 மி.மீ. கூரைக்கு 12 நம்பருக்குக் கீழே போக வேண்டாம். இன்னொன்று முனையின் நம்பர். 3ஆம் நம்பர் முனை சுமார் 5 மி.மீ. இரும்பு வரை துளைக்கும். 5ஆம் நம்பர் முனை நீளமானது, 12 மி.மீ. வரை துளைக்கும்.

முனையின் நீளம் ஏன் முக்கியம்? துளை முழுதாக மறுபக்கம் வெளிவந்த பிறகுதான் மரை இரும்பைத் தொட வேண்டும். டிரில் மெதுவாக அறுக்கும், மரை வேகமாக உள்ளே இழுக்கும். துளை முடியும் முன்பே மரை பிடித்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, நுனி கருகும் அல்லது ஸ்க்ரூ முறியும். தகரம், பர்லின், இடையில் ஏதாவது பட்டை இருந்தால் அது, எல்லாத் தடிமனையும் கூட்டித்தான் முனையைத் தேர்ந்தெடுக்கணும். முடித்த பிறகு மறுபக்கம் குறைந்தது மூன்று மரை வெளியே தெரிய வேண்டும்.

மெல்லிய இரும்பில் சிக்கல் வேறு மாதிரி. கஜாவில் மரையோடு பிடுங்கி வந்ததெல்லாம் பெரும்பாலும் 1.2 மி.மீ. சதுர பைப்பில் போட்டவை. ஸ்க்ரூவின் பிடிமானம் இரும்பின் தடிமனுக்கு ஏற்பக் கூடும். அதே ஸ்க்ரூவை 2 மி.மீ. பர்லினில் போட்டால் பிடிமானம் ஒன்றரை மடங்குக்கும் மேல். "பைப் கொஞ்சம் லைட்டா போட்டா செலவு குறையும்ணே" என்று சொல்லும்போது, குறைவது செலவு மட்டுமில்லை என்று தெரிந்து முடிவெடுங்கள். மெல்லிய பைப்தான் ஏற்கெனவே இருக்கிறது என்றால் 14 நம்பர் ஸ்க்ரூவுக்கு மாறி, ஸ்க்ரூக்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறையுங்கள்.

நேர்மாறாக, பழைய ஆங்கிள், சேனல், ஐ பீம் இருக்கும் கொட்டகைகளில் தடிமன் இரண்டு மூன்று நூல் வரும். (ஒரு நூல் என்பது சுமார் 3 மி.மீ.) அங்கே 5ஆம் நம்பர் முனை வேண்டும், அல்லது துளை போட்டு நட்டு போல்ட் போட வேண்டும். பின்பக்கம் நட்டு பிடிக்கக் கை போகாத இடமென்றால் இரும்பிலேயே டேப் போட்டு மரை வெட்டலாம். 8 மி.மீ. போல்ட்டுக்கு 6.8 மி.மீ. துளை, 10 மி.மீ. போல்ட்டுக்கு 8.5 மி.மீ. துளை. போல்ட்டின் பருமன் அளவுக்காவது இரும்பில் தடிமன் இருந்தால்தான் வெட்டின மரை முழுப் பாரத்தைத் தாங்கும். அதற்குக் குறைவு என்றால் நட்டுதான் நல்லது.

இரண்டாவது கேள்வி: எந்த உலோகத்தோடு எது சேர்கிறது?

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, எவர்சில்வர் ஸ்க்ரூவே போட்டுட்டா ஒரே வேலையா முடிஞ்சுதுல்ல? அது துருவே பிடிக்காதே?"

"அது பிடிக்காது பெரியப்பா. பக்கத்துல இருக்கிறதைச் சாப்பிட்டுரும்" என்றேன்.

இரண்டு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டு, மேலே ஈரமும் பட்டால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் ஒன்று கரையும், இன்னொன்று தப்பிக்கும். துத்தநாகம், அலுமினியம், இரும்பு, செம்பு, எவர்சில்வர் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பது கரையும், பின்னால் இருப்பது பிழைக்கும். ஜி.ஐ. தகரத்தின் மேல் பூச்சு துத்தநாகம். அதில் எவர்சில்வர் ஸ்க்ரூ போட்டால், ஸ்க்ரூவைச் சுற்றி இருக்கும் பூச்சு வேகமாகக் கரையும். ஸ்க்ரூ பளபளவென்று இருக்கும், சுற்றிலும் தகரம் துருவேறி ஓட்டை பெரிதாகும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள தகரத்துக்கும் இதே கதைதான்.

ஆக, துத்தநாகப் பூச்சுத் தகரத்துக்குத் துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூ. ஆனால் பூச்சு எவ்வளவு கனம் என்று பார்க்கணும். கடையில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மின்னுகிற சாதாரண ஸ்க்ரூவில் மின்முலாம் பூசியிருக்கும். 5 முதல் 8 மைக்ரான்தான். வீட்டுக்குள்ளே பூட்ட அது போதும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த போல்ட்டில் 40, 50 மைக்ரான் வரும்; மங்கலாக, சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். துத்தநாகம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துதான் இரும்பைக் காப்பாற்றுகிறது. ஆகவே பூச்சு எத்தனை மடங்கு கனமோ, ஆயுளும் ஏறக்குறைய அத்தனை மடங்கு. முக்கி எடுத்த போல்ட் வாங்கும்போது நட்டையும் அதோடு சேர்த்தே வாங்குங்கள். பூச்சின் கனத்தால் சாதாரண நட்டு அதில் ஏறாது.

கூரை ஸ்க்ரூவில் துத்தநாகத்தின் மேல் வேறு பூச்சும் சேர்த்த ரகங்கள் வருகின்றன. ஆஸ்திரேலியத் தரத்தில் இவற்றை 1 முதல் 4 வரை வகுப்பாகப் பிரிப்பார்கள். 3 என்றால் பொதுவான வெளிப்புறம், 4 என்றால் கடலோரம் போன்ற கடுமையான இடம். இங்கே விற்கும் நல்ல பெட்டிகளிலும் இந்த வகுப்பு அச்சாகி இருப்பதைப் பார்க்கலாம். "வெளியில போடுறதுக்கு, 3ஆம் வகுப்பா 4ஆம் வகுப்பா?" என்று கேட்டால் கடைக்காரர் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார்.

எவர்சில்வருக்கு இடமே இல்லையா? உண்டு. சோலார் பேனலின் சட்டம் அலுமினியம். அதைப் பூட்ட 304 ரக எவர்சில்வர் போல்ட் நல்லது. சட்டம் பெரிது, போல்ட் சிறிது, அதனால் கரைவது பரவிப்போய் ஒரே இடத்தைத் தின்னாது. நடுவே ரப்பர் அல்லது நைலான் வாசர் வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் 304 மெதுவான உலோகம், தானாக இரும்பைத் துளைக்காது. "எவர்சில்வர் செல்ஃப் டிரில்லிங்" என்று விற்பதில் பெரும்பாலும் 410 ரகம் இருக்கும். அது கடினமானது, துளைக்கும், ஆனால் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். அலுமினியத்தோடு வெளியில் போட்டால் தலை தெறிக்கவும் செய்யும். காந்தம் வைத்துப் பாருங்கள். 410இல் பளிச்சென்று ஒட்டும். 304இல் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான்.

இயற்கை வழி உழவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்லணும். நம்மில் பலர் போர்டோ கலவை தயாரிக்கிறோம். அதில் இருப்பது மயில்துத்தம், அதாவது செம்பு உப்பு. துத்தநாகப் பூச்சின் மேல் செம்புக் கரைசல் பட்டால் செம்பு அங்கே படிந்து, பூச்சைக் கரைத்துவிடும். இரும்பு வாளியில் போர்டோ கலக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கலவை டிரம்மைக் கொட்டகைத் தூணின் அடியில் வைத்து, தெளிப்பானைக் கழுவுகிற தண்ணீரைப் போல்ட் மேல் ஊற்றாதீர்கள்.

மூன்றாவது கேள்வி: அந்த இடத்துக் காற்றில் என்ன இருக்கிறது?

ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து போட்ட ஸ்க்ரூ, மோட்டார் அறையில் புதுசு போல இருக்கும். மாட்டுக் கொட்டகையில் நான்கு வருஷத்தில் சிவந்துவிடும். மாட்டு மூத்திரத்தில் உள்ள யூரியா, சாணத்தோடு கலந்ததும் அம்மோனியாவாக மாறி மேலே எழும்பும். மாடுகளின் மூச்சிலிருந்து வரும் ஈரமும் சேர்ந்து, விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கம் பனி போலப் படியும். அந்த ஈரம் ஸ்க்ரூ ஓட்டை வழியாக இறங்கும். தகர நிறுவனங்கள் தரும் உத்தரவாதச் சீட்டைப் படித்துப் பாருங்கள். கால்நடைக் கொட்டகைக்கு உத்தரவாதம் இல்லை என்று பல சீட்டுகளில் ஓர் ஓரத்தில் இருக்கும்.

அம்மோனியா என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பட்டாளம் மழைக்காலத்தில் பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் வெடித்துக் கிடந்தன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் ஈரமும், உறையைச் சூடாக்காமல் இழுத்து உருவாக்கும்போது உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. மாட்டுக் கொட்டகைக்கும் இதே பாடம்தான். அங்கே பித்தளை ஸ்க்ரூ, பித்தளைக் கிளாம்பு வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்கும் பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் குழாய் போடுங்கள்.

ஆக, மாடு கட்டும் இடம், ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா வைக்கும் இடம், சாண எரிவாயுக் கலன் பக்கம் எல்லாவற்றையும் கடலோரத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள். 4ஆம் வகுப்பு ஸ்க்ரூ, முக்கி எடுத்த போல்ட். வேதாரண்யம், நாகப்பட்டினம், கடலூர் போலக் கடலுக்கு அருகில் இருப்பவர்களுக்கு எல்லாக் கொட்டகைக்கும் இதுதான். ஸ்க்ரூவை மாற்றுவதைவிட மலிவான வேலை ஒன்றும் உண்டு: முகட்டில் காற்று வெளியேற வழி விடுவது. அம்மோனியா வெளியே போனால் மாட்டுக்கும் நல்லது, இரும்புக்கும் நல்லது.

நான்காவது கேள்வி: காற்று எவ்வளவு இழுக்கும்?

கூரையை நாம் பாரம் என்று நினைக்கிறோம். காற்றடிக்கும்போது அது பாரமில்லை, இறக்கை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, ஒவ்வொரு ஊருக்கும் கணக்கிட வேண்டிய காற்று வேகத்தைச் சொல்கிறது. சென்னை, புதுச்சேரிக்கு நொடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, கோவை, மதுரைக்கு 39. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். 50க்கு 50, 2,500. அதை 0.6ஆல் பெருக்கினால் 1,500. அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. சதுர அடிக்கு 14 கிலோ. அரை மி.மீ. தகரத்தின் சொந்த எடை சதுர அடிக்கு அரைக் கிலோகூட இல்லை.

பர்லின் நான்கடிக்கு ஒன்று, ஸ்க்ரூ ஓரடிக்கு ஒன்று என்றால், ஒரு ஸ்க்ரூவின் பங்கு நான்கு சதுர அடி. 56 கிலோ மேலே இழுக்கும். ஒரு மூட்டை நெல்லை ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கவிட்டது போல. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் இழுப்பு இன்னும் அதிகம். நாலு பக்கமும் திறந்த மாட்டுக் கொட்டகையில் கீழேயிருந்தும் காற்று தள்ளும். ஆகவே நடுவில் ஓரடிக்கு ஒன்று போட்டாலும், ஓரப் பர்லின்களில் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று போடுங்கள். தகரம் முதலில் கிளம்புவது ஓரத்தில்தான்.

இரண்டாவது விதத்துக்கு வருவோம். ஸ்க்ரூ நின்று தகரம் மட்டும் கிழிந்தது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை 1974 டிசம்பர் 25 அன்று டிரேசி புயல் தாக்கியது. ஊரின் பெரும்பாலான வீடுகள் அழிந்தன. ஆராய்ந்தவர்கள் கண்டது, பல கூரைகள் ஒரே இழுப்பில் போகவில்லை. காற்று விட்டு விட்டு அடித்ததில் ஸ்க்ரூவைச் சுற்றித் தகரம் மேலும் கீழும் ஆடி, கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போல விரிசல் விட்டு, பிறகு கிழிந்திருக்கிறது. அதன் பிறகுதான் அங்கே கூரையை ஆட்டி ஆட்டிச் சோதிப்பது கட்டாயமானது. ஸ்க்ரூத் தலைக்கு அடியில் அகலமான புயல் வாசர் போடுவதும் பரவியது.

நமக்கு இதில் இரண்டு பாடம். 0.35 மி.மீ. போன்ற மெல்லிய தகரத்தைக் கடலோரத்தில் போட வேண்டாம். ஓரப் பர்லின்களிலாவது ஸ்க்ரூத் தலைக்கு அடியில் தகரத்தின் மேட்டு வடிவத்துக்குப் பொருந்துகிற அகல வாசர் வையுங்கள்.

கூரை அல்லாத சாமான்கள்

தூணிலும் பீமிலும் நாம் இன்னும் பலதைப் பூட்டுகிறோம். எனக்கு நானே வைத்திருக்கும் விதி இது: ஆடுவது, தொங்குவது, சுழல்வது எல்லாம் நட்டு போல்ட்டில். சும்மா ஒட்டி நிற்பது மட்டும் ஸ்க்ரூவில்.

மழைநீர் வாரி. அரையடி அகலம், நாலு அங்குல ஆழம் உள்ள வாரி நிறைந்தால் ஓரடிக்குச் சுமார் நாலரை லிட்டர். அதாவது நாலரை கிலோ. 30 அடிக்கு 135 கிலோ. இலை அடைத்துக்கொண்ட நாளில் இது உறுதியாக நிறையும். தாங்கியை இரண்டடிக்கு ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு 8 மி.மீ. போல்ட் போட்டுப் பூட்டுங்கள்.

மின்விசிறி, பனிப்புகைத் தெளிப்பான், நீர்க்குழாய். அதிர்ந்துகொண்டே இருப்பதால் சாதாரண நட்டு தானாகக் கழலும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள்.

சோலார் விளக்கு, கேமரா. சதுர பைப் தூணில் பின்பக்கம் நட்டு போட முடியாது. துளையே போடாமல் தூணைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்பு நல்லது. துளை போட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, தூண் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது.

ஸ்டார்ட்டர் பெட்டி, சுவிட்ச் பெட்டி. மின்கம்பி உள்ளே ஓடுகிற பைப்பில் ஸ்க்ரூ போடவே கூடாது. நுனி கம்பியைக் கடித்தால் கொட்டகை இரும்பு முழுக்க மின்சாரம் ஏறும். நமக்கு லேசாகச் சுள்ளென்று படுகிற மின்சாரமும் ஈரத் தரையில் நாலு காலில் நிற்கும் மாட்டைச் சாய்த்துவிடும். கம்பிக்குத் தனியாகப் பிளாஸ்டிக் பைப், சட்டத்துக்கு முறையான எர்த்து. இந்த வேலையை மின்பணியாளர்தான் செய்யணும்.

ஏற்றிய பாரத்தைத் தாங்கி நிற்கும் பீமின் அடிப்பட்டையில், அதுவும் நடுப்பகுதியில், துளை போடாதீர்கள். பீமுக்கு அதிக இழுவிசை வருவது அங்கேதான். கிளாம்பு போடுங்கள், அல்லது முனைப்பக்கம் தள்ளிப் போடுங்கள்.

முறுக்குவதிலும் இருக்கிறது

நல்ல ஸ்க்ரூவைக் கெட்ட முறையில் போட்டால் கெட்ட ஸ்க்ரூதான். நான் கவனிக்கச் சொல்வது இவ்வளவுதான்.

தட்டித் தட்டிச் சுற்றும் இம்பாக்ட் மெஷின் வேண்டாம். ஆழம் பார்த்து நிற்கும் ஸ்க்ரூ மெஷின் வேண்டும். வேகம் நிமிஷத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டக் கூடாது, இரும்பு தடிக்கத் தடிக்க இன்னும் குறைக்கணும். வேகம் கூடினால் நுனி சூடேறி மழுங்கும்.

தலைக்கு அடியில் உலோக வாசரோடு ஒட்டிய ஈ.பி.டி.எம். ரப்பர் இருக்க வேண்டும். முறுக்கி முடித்ததும் ரப்பர் உலோக விளிம்பு வரை லேசாகப் பிதுங்கித் தெரிந்தால் சரி. வெளியே நசுங்கி வந்தால் அதிகம், ரப்பர் சுற்றினால் போதவில்லை. "இன்னும் ஒரு முறுக்கு" என்று போடும் அந்தக் கடைசி முறுக்கில்தான் ரப்பர் கிழிகிறது, தகர மேடு நசுங்குகிறது.

கூரையில் தகரத்தின் மேட்டில் போட்டால் தண்ணீர் நிற்காது. அதற்கேற்ற நீளம் வாங்குங்கள். மேட்டின் உயரம், பர்லின் தடிமன், மூன்று மரை, முனை எல்லாம் சேர்ந்த நீளம். சுவர்ப்பக்கத் தகரத்துக்குப் பள்ளத்தில் போடலாம்.

ஸ்க்ரூ நேராக இறங்க வேண்டும். சாய்ந்தால் ரப்பர் ஒரு பக்கம்தான் அமரும், மறுபக்கம் ஒழுகும். ஓட்டை தவறி விட்டால் அப்படியே விடாமல் ஒரு அளவு பெரிய ஸ்க்ரூ போட்டு அடையுங்கள்.

வேலை முடிந்த அன்றே இரும்புத் தூளைத் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். அந்தத் தூள் ராத்திரி பனியில் துருப்பிடித்து, தகரத்தின் பெயின்ட்டில் புள்ளி புள்ளியாகக் கறை ஏற்றும். கிரைண்டர் பொறி பட்டாலும் இதே கதிதான். கறுப்பு இரும்பில் துளை போட்ட இடத்தில் ரெட் ஆக்சைடு தொட்டுவிட்டு போல்ட்டைப் போடுங்கள்.

நம்ம ஊர் வெயிலில் தகரம் காலைக்கும் மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் பார்க்கும். 20 அடித் தகரம் அதில் சுமார் 3 மி.மீ., ஒரு நூல், நீளும், சுருங்கும். தினமும். ஆகவே எந்த ஸ்க்ரூவும் போட்டதும் முடிந்த வேலை இல்லை. புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன்னால், ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். பலகை போட்டு, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு கூரையை ஒரு சுற்றுப் பாருங்கள். வெடித்த ரப்பர், சிவந்த தலை, நீண்ட ஓட்டை இருக்கும் இடங்களில் சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். பத்தில் ஒன்று சிவந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். பாதி சிவந்திருந்தால் மொத்தமும் மாற்ற வேண்டும், ஏனென்றால் மீதியும் அதே வயதுதான். பழைய ஓட்டையில் 12 நம்பர் இருந்தால் புதிதாக 14 நம்பர் போடுங்கள், பிடித்துக்கொள்ளும்.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: பர்லின் எத்தனை மி.மீ., தகரத்தின் மேடு எவ்வளவு உயரம், தகரம் என்ன பூச்சு, மாடு கட்டுவதா இல்லையா, கடல் எவ்வளவு தூரம். கூடவே ஒரு காந்தம். வேலைக்கு வருகிறவர்களிடம் கூலி பேசும்போதே, "ஸ்க்ரூ நாங்க வாங்கித் தர்றோம், மெஷின் மட்டும் கொண்டாங்க" என்று சொல்லிவிடுங்கள். இதுவரை யாரும் வருத்தப்பட்டதில்லை. நாலைந்து உழவர்கள் சேர்ந்து முழுப் பெட்டியாக வாங்கினால் விலையும் குறையும், மிச்சம் ஸ்க்ரூ அடுத்த புரட்டாசிக்கு ஆகும்.